மெர்வின் எழுதிய கார்டுகள்

மெர்வின் டேவ்ஸுக்குப் பொய் எழுத வராது என்று, வடக்கே கோதுமை விளையும் சாஸ்காட்செவன் மாகாணத்தில் குறைந்தது நானூறு விவசாயிகள் சத்தியம் செய்வார்கள். ரயிலடியை ஒட்டிய தானியக் கிடங்கில், எடை மேடைக்குப் பக்கத்து அறையில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவர். கோதுமை லாரி மேடையில் ஏறும், முள் ஆடி நிற்கும், மெர்வின் எழுதுவார். நிற்பதற்கு முன்னால் எழுதியதில்லை. நின்ற பிறகு ஒரு கிலோ கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. சொந்த மைத்துனனின் கோதுமையையே ஈரம் ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பியவர். அந்த மைத்துனன் ஆறு வருஷம் பேசாமல் இருந்தான். அதை மெர்வின் பெருமையாகவும் சொல்லிக்கொண்டதில்லை, குறையாகவும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படிப்பட்ட மனுஷர் எழுபத்து நாலாவது வயதில், அரிசோனா வெயிலில், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்கப் பொய்யாக எழுதித் தள்ளினார்.

எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்து, முதல் பனி தரையில் தங்குவதற்குள், வயதானவர்களில் முடிந்தவர்களெல்லாம் தெற்கே கிளம்பிவிடுவோம். அரிசோனாவில் இருக்கிற மேசா ஊருக்கு மெர்வின் வருவது அது பதிமூன்றாவது குளிர்காலம். அங்கே, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று போர்டு வைத்த பார்க் என்கிற குடியிருப்பில் அவருக்கு ஒரு சின்ன வீடு. மனைவி லொரேன் இருந்தபோது இருவருமாக வாங்கியது. அவள் போய் ஆறு வருஷமாகியும் விற்க மனம் வரவில்லை. அதற்குப் பாதிக் காரணம் லொரேன். மீதிப் பாதி திங்கள், புதன், வெள்ளி.

அந்த மூன்று நாளும் காலை ஏழே முக்காலுக்கு நாலு பேர் கோல்ஃப். மின்னசோட்டாவில் குழாய் வேலை பார்த்து ஓய்ந்த டூவேன், வாய் ஓயாத ஆள். வடக்கு டகோட்டாவில் தபால்காரராக இருந்த ஆர்லோ, இடது காது கேட்காது, வலது காது கேட்டாலும் பதில் வராது. மூன்றாவது மெர்வின். நாலாவது ஓரெஸ்ட் டானிலுக். மெர்வினின் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஆயிரத்தறுநூறு ஏக்கர் உழுதவர். இப்போது மகன் உழுகிறான். ஆள் வாசற்கதவை அடைத்து நிற்பார், கை ஒவ்வொன்றும் ஒரு முறம். ஊரில் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை, மேசாவில்தான் பழக்கம். பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் கோல்ஃப் மைதானத்தில் ஓட்டுகிற ஒரே சின்ன வண்டி. ஓரெஸ்ட் ஓட்டுவார், மெர்வின் மடியில் கார்டை வைத்து நாலு பேருடைய அடிகளையும் எழுதுவார். எடை மேடைக்காரன் இருக்கும்போது பென்சிலை வேறு யார் தொடுவது? அது பேசாமலே முடிவான விஷயம்.

நாலு பேரும் ஆடியது கோல்ஃப் என்று சொன்னால் கோல்ஃபுக்குக் கோபம் வரும். கோல்ஃபில் அடி குறையக் குறைய நல்லது; இவர்கள் பதினெட்டுக் குழியையும் நூறு அடிக்குள் முடித்தால் அன்றைக்கு அது விசேஷம். பந்து தண்ணீரில் விழும், ஆரஞ்சு மரத்தடியில் ஒளியும், அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் போய் உட்காரும். ஆட்டம் முடிந்ததும் கிளப் கொட்டகையில் ஆளுக்கொரு பீர். ஆட்டத்தைவிட அதில் நேரம் அதிகம் போகும். ஓரெஸ்ட் மட்டும் கார்டை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் மனைவி வெர்னா அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவாள். பேரப்பிள்ளைகள் வரைந்த படத்தை ஒட்டுகிற இடத்தில் புருஷனுடைய மதிப்பெண்.

கஷ்டம் டிசம்பரில் ஆரம்பித்தது. குழிக்குப் பக்கத்தில் பந்தைக் கொண்டுவந்த பிறகு, அதை மெல்ல உள்ளே உருட்டிவிட ஒரு குட்டை மட்டை உண்டு. குழந்தைகூடச் செய்கிற வேலை. ஒரு திங்கட்கிழமை ஓரெஸ்ட் அப்படி ஒரு பந்துக்கு முன்னால் குனிந்தார். இரண்டடி தூரம். மட்டையைப் பின்னால் இழுக்கவே இல்லை. அப்படியே நின்றார். திடீரென்று வலது கை ஒரு வெட்டு வெட்டியது, பந்து குழியைத் தாண்டி ஆறடி ஓடியது. திரும்பி வந்து அடித்தார், இந்தப் பக்கம் ஓடியது.

"என்னய்யா, குழிக்குள்ள பாம்பு கெடக்கா?" என்றார் டூவேன்.

"உன் மாமியா கெடக்கா" என்றார் ஓரெஸ்ட். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குழிக்கு ஓரெஸ்டுக்கு ஒன்பது அடி. மெர்வின் ஒன்பது என்றுதான் எழுதினார்.

அடுத்த வாரம் அதே கதை மூன்று குழியில் நடந்தபோது டூவேன் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், ஏழாவது குழியில், ஓரெஸ்ட் பந்தின்மேல் குனிந்து நின்ற நிற்பில் பின்னால் வந்த கோஷ்டி வண்டியை நிறுத்தி, இறங்கி, இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தது. ஓரெஸ்டின் கழுத்து சிவந்தது. கை அந்த மட்டையைப் பிடித்தபடி தன் பாட்டுக்கு உதறிக்கொண்டிருந்தது. பார்க்க முடியாமல் மெர்வின்தான் சொன்னார்.

"அது ஆச்சு ஓரெஸ்ட். எடுத்துக்கோ."

இது எங்கள் கோஷ்டிகளில் இருக்கிற வழக்கம்தான். பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில், குட்டை மட்டையின் கைப்பிடி நீளத்துக்குள் நின்றுவிட்டால், இனி இதை யார் தவறவிடப் போகிறார்கள் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அடிக்க வேண்டாம், கையால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே அடியில் விழுந்ததாகக் கார்டில் எழுதிக்கொள்வது. நேரமும் மிச்சம், முட்டிக்கும் நல்லது. ஆனால் அன்றைக்கு ஓரெஸ்டின் பந்து நின்றது மூன்றடிக்கு அப்பால். ஓரெஸ்ட் நிமிர்ந்து மெர்வினைப் பார்த்தார், குனிந்து எடுத்துக்கொண்டார். மெர்வின் ஐந்து என்று எழுதினார். முப்பத்தெட்டு வருஷத்தில் இல்லாத பழக்கம், பென்சில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. மூன்றடி நாலடியாயிற்று, நாலடி ஆறடியாயிற்று. ஜனவரி பிறந்ததும் ஓரெஸ்டின் பந்து புல்வெளியில் உருண்டு நிற்பதற்குள்ளேயே மூன்று பேரும் ஒரே குரலில் "ஆச்சு, எடு" என்பார்கள். ஆர்லோகூடச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவர் பேசிய வார்த்தை அது ஒன்றாகத்தான் இருக்கும். ஓரெஸ்டுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் உறுத்துமே என்று, ஒருவரையொருவர் கேட்காமல், எல்லோருக்கும் எல்லோரும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் நாலு கிழவர்களும் திடீரென்று வித்வான்களாகிவிட்டார்கள். கிளப் கொட்டகையில் மற்ற கோஷ்டிக்காரர்கள் கார்டை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரில மருந்து வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். மூன்று பேருடைய சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

இதைப் பற்றி மூவரும் ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை. டூவேன் மட்டும் ஒருநாள் வண்டி நிறுத்துமிடத்தில் மெர்வினை ஒதுக்கி, "மெர்வ், நம்ம ஓரெஸ்ட்..." என்று ஆரம்பித்தார். மெர்வின் காத்திருந்தார். டூவேன் தன் காரின் முன்சக்கரத்தை ஒரு உதை உதைத்து, "இதுல காத்து கம்மியா இருக்குல்ல?" என்று கேட்டார். காற்று சரியாகத்தான் இருந்தது. மெர்வின் கம்மிதான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, பார்க்கின் சலவை அறையில் மெர்வின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வெர்னா உள்ளே வந்தாள். கையில் துணிக்கூடை இல்லை. கதவைச் சாத்தினாள்.

"மெர்வ், ஒண்ணு கேக்கணும். மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"ஓரெஸ்டுக்குக் கை எப்படி இருக்கு?"

மெர்வின் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார். "எதுக்குக் கேக்கற?"

"சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம் ஆகுது. கேட்டா குளிருதுங்கறான். இந்த ஊர்ல என்ன குளிர்? கிறிஸ்துமஸ் வாழ்த்துல கையெழுத்துப் போட்டானே, பாத்தியா? எறும்பு எறும்பா இருந்துச்சு. ஊர் டாக்டருக்கு போன் பண்ணி, நரம்பு டாக்டர்கிட்ட பேர் எழுதி வைக்கச் சொல்லலாம்னு பாக்கறேன். பத்து மாசம் வரிசையாம். இப்ப எழுதினாதான் நவம்பர்ல பாக்க முடியும். ஆனா இவனுக்குத் தெரிஞ்சா என்னை நோயாளி ஆக்கிட்டியான்னு வீட்டையே ரெண்டாக்கிடுவான். இன்னொரு பக்கம் பாத்தா, ஃப்ரிட்ஜ்ல கார்டு தொங்குது. எண்பத்தொம்பது. கை சரியில்லாதவன் எண்பத்தொம்பது அடிப்பானா?" அவள் மூச்சு வாங்கினாள். "நீதானே வாரத்துல மூணு நாள் பக்கத்துலயே இருக்க. கை நல்லாருக்கா இல்லியா? நீ சொன்னா நம்பறேன்."

சொல்லியிருக்க வேண்டும். 'எழுதி வை வெர்னா, இன்றைக்கே எழுதி வை' என்று நாலு வார்த்தை. ஆனால் முதல் நாள் திங்கட்கிழமை, பதினோராவது குழிக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே ஓரெஸ்ட் சொன்னது மெர்வினின் காதில் இருந்தது. "வீட்ல என்னை உத்து உத்து பாக்கறா மெர்வ். கப்பைத் தூக்கினா பாக்கறா, கரண்டியை எடுத்தா பாக்கறா. இந்த மூணு நாள்தான் நான் மனுஷனா இருக்கேன்." அதைச் சொன்ன ஆளைத் துணி துவைக்கிற அறையில் காட்டிக்கொடுப்பதா? கொடுத்தால் புதன்கிழமை அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

"நல்லாத்தான் ஆடறான் வெர்னா" என்றார் மெர்வின். "கை ஒண்ணும் மோசமில்ல."

வெர்னா சலவை இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டாள். "உன் வாயால கேட்டதே போதும். தலையில இருந்த கல்லு எறங்கின மாதிரி இருக்கு" என்றாள். போகும்போது அவருடைய காலுறைகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போனாள். லொரேன் போன பிறகு அவர் காலுறையை யாரும் தொட்டதில்லை. மெர்வினுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

நாள் போகப் போகத் தன்மேல் ஆத்திரம் வந்தது. பிப்ரவரியில் ஒருநாள், இன்றைக்கு உடைத்துவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு டானிலுக் வீட்டுக்குப் போனார். போன நேரம் நல்ல நேரமில்லை. அன்று காலை கார்டில் ஓரெஸ்டுக்கு எண்பத்து நாலு விழுந்திருந்தது, பிறந்ததிலிருந்து இல்லாத மதிப்பெண். வெர்னா அதற்காக உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை அவித்து, வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தாள். ஓரெஸ்ட் சோபாவில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாய்யா எடை மேடை!" என்று கத்தினார். "உன் கையாலயே எழுதின எண்பத்து நாலு. சட்டம் போட்டு மாட்டப் போறேன்."

சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் துடைக்கிற சாக்கில் மெர்வின் வெர்னாவின் பக்கத்தில் போய் நின்றார். வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தாழ்ந்த குரலில், "அன்னிக்கு நீ சொன்னதுல இருந்துதான் தூக்கமே வருது மெர்வ்" என்றாள். திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். அன்றைக்குப் பதினோரு கொழுக்கட்டை தின்றிருந்தார். ராத்திரி முழுக்க நெஞ்சைக் கரித்தது, அது கொழுக்கட்டையால் மட்டும் என்று அவரே நம்பவில்லை.

வெயில் ஏறியது. ஆரஞ்சு மரங்கள் பூத்து வாசம் பரவியது. ஏப்ரலில் பார்க் காலியாக ஆரம்பித்தது. ஓரெஸ்ட் வழக்கம்போல ஏப்ரல் பன்னிரண்டு என்று நாள் குறித்திருந்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, மூன்று நாள் ஓட்டம், வடக்கே மலைப்பாதையில் அப்போதும் பனி இருக்கும். வெர்னாவுக்கு அந்தப் பெரிய பிக்கப் வண்டியை ஓட்ட வராது. ஒன்பதாம் தேதி பார்க் வாசலில் வண்டியைத் திருப்பும்போது ஓரெஸ்ட் தபால் பெட்டி வரிசையை உரசி இரண்டு பெட்டியைச் சாய்த்துவிட்டார். அன்று சாயங்காலம் வெர்னாவிடமிருந்து மெர்வினுக்கு போன். "கொஞ்சம் வாயேன். இங்க சண்டை."

போனபோது ஓரெஸ்ட் சமையலறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். வெர்னா மேஜையில் உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது.

"வாய்யா, நியாயம் சொல்லு" என்றார் ஓரெஸ்ட். "எனக்கு டிரைவர் வைக்கிறாளாம். மகன் ப்ளேன்ல வந்து என் வண்டியை ஓட்டிட்டுப் போவானாம், நான் பின்சீட்டுல சுண்டல் தின்னுக்கிட்டு வரணுமாம்!"

"டேரில் வரேன்னு சொல்லிட்டான் ஓரெஸ்ட். விதைப்புக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு அவனுக்கு."

"எதுக்கு வரான்? ரெண்டு தகரப் பெட்டி சாஞ்சதுக்கா? கை கைங்கறியே, இங்க பாரு." ஓரெஸ்ட் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கினார். கார்டுகள் மொத்தமாகத் தரையில் கொட்டின. நாற்பத்து மூன்று. குனிந்து இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேஜையில் போட்டார். "எண்பத்தெட்டு. எண்பத்தாறு. எண்பத்தேழு. எண்பத்து நாலு! கை வராதவன் அடிக்கிறதா இது? நானா எழுதினேன்? இந்தா எழுதினவன் நிக்கிறான். முப்பத்தெட்டு வருஷம் ஒரு கிலோ ஏமாத்தாதவன். கேளு அவனை. அவன் சொல்லட்டும், சாவியை இப்பவே குடுத்துடறேன்."

வெர்னா மெர்வினைப் பார்த்தாள். ஓரெஸ்டும் பார்த்தார், சிரித்துக்கொண்டே. ஜெயித்துவிட்ட சிரிப்பு. மேஜைமேல் நாற்பத்து மூன்று கார்டிலும் மெர்வினின் சதுரமான, ஒழுங்கான எண்கள்.

வேறு வழியே இல்லாமல் போயிற்று. இவ்வளவு காலமும் வழி இருந்தபோது பேசாத ஆள், வழி அடைத்த பிறகு பேசினார்.

"அதெல்லாம் பொய் வெர்னா."

"எது?"

"கார்டு. எல்லாம். நான் எழுதினதுதான். பொய்."

ஓரெஸ்ட் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன உளர்ற?"

"கிறிஸ்துமஸ்ல இருந்து நீ ஒரு பந்தைக்கூட குழில போடல ஓரெஸ்ட். நாங்க போட விடல. ஆறடி, எட்டடின்னு விட்டுக் குடுத்தோம்."

"எல்லாருக்கும்தானே விட்டுக் குடுத்தோம்? உனக்கும் குடுத்தேன், டூவேனுக்கும் குடுத்தேன்."

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் எல்லாருக்கும்."

அந்தப் பெரிய உடம்பு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தது. கை மேஜைமேல் இருந்தது, கார்டுகளுக்கு நடுவில். முதல் தடவையாக அவர் அதை ஒளிக்கவில்லை. அது நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மூணு பேரும் கலந்து பேசி வச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. யாரும் யார்கிட்டயும் பேசல."

"பேசிருக்கலாமேடா" என்றார் ஓரெஸ்ட். "முதுகுக்குப் பின்னால பேசிருந்தாலாவது எவனாவது ஒருத்தன் வந்து சொல்லிருப்பான்."

பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். எழுந்து வெளியே போய், நிற்கிற பிக்கப் வண்டியில் ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. போய்ப் பக்கத்தில் உட்காரலாம் என்று மெர்வினுக்குத் தோன்றியது. நின்ற இடத்திலேயே நின்றார்.

வெர்னா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கார்டுகளை அடுக்கினாள், ஓரங்களைத் தட்டிச் சரி செய்தாள். "ஜனவரில உன்னைக் கேட்டேனே மெர்வ்" என்றாள்.

"கேட்ட."

"உன்னை மட்டும்தான் கேட்டேன்."

மெர்வின் தன் வீட்டுக்கு நடந்தே போனார். நூற்றைம்பது அடி தூரம்தான். டேரில் பதினோராம் தேதி வந்தான், பன்னிரண்டாம் தேதி காலையில் வண்டியை எடுத்தான். டூவேனும் ஆர்லோவும் வந்து கையசைத்தார்கள். ஓரெஸ்ட் முன்சீட்டில் நேராகப் பார்த்தபடி போனார். கோபமா, வெட்கமா, ஒன்றும் சொல்வதற்கில்லை. மெர்வின் தன் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தார். எழுபத்து நாலு வயது மனுஷர் திரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பது எவ்வளவு கேவலம் என்று அவருக்கே தெரிந்தது.

மே மாதம் ஊரில் சேறு காய்ந்துகொண்டிருந்தபோது வெர்னா போன் பண்ணினாள். அவர்களைக் கூப்பிட மெர்வின் இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் கீழே வைத்த போன் அது. அவர் கூப்பிடாததால் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"ஊர் டாக்டர் பாத்தாச்சு" என்றாள். "நரம்புதான்னு நெனைக்கிறார். கை மட்டும் இல்லியாம், நடையும் மாறியிருக்காம். எனக்கே இப்பத்தான் தெரியுது, எடது கால் இழுக்குது. மருந்து ஆரம்பிக்கிறதெல்லாம் பெரிய டாக்டர் பாத்தப்புறம்தான்னு சொல்லிட்டார்."

"எப்ப பாக்கறாங்களாம்?"

"பிப்ரவரி."

மெர்வின் நவம்பரிலிருந்து விரல்விட்டு எண்ணினார், மூன்று மாதம்.

"யாருக்காவது ரத்தாயிடுச்சுன்னா, யாராவது வராம போனா, முன்னாடியே கூப்பிடறோம்னாங்க. நானும் தினமும் போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஜனவரில எழுதியிருந்தா நவம்பர்ல பாத்திருப்பீங்கன்னு அந்த ஆபீஸ் பொண்ணு சொன்னா. உன்னைக் குத்திக்காட்ட சொல்லல மெர்வ். யார்கிட்டயாவது சொல்லணும்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "இரு, இவன் பேசணுமாம்."

போன் கை மாறுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஒரு தடவை கீழே விழுந்து, எடுத்தார்கள். ஓரெஸ்டின் குரல் வந்தபோது மெர்வினுக்கு அடையாளமே தெரியவில்லை. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரல், இப்போது பக்கத்தில் யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல மெல்ல வந்தது.

"எடை மேடை."

"ஓரெஸ்ட்."

"கோவமெல்லாம் போயிடுச்சுய்யா. வெர்னா இன்னும் கொஞ்சம் வச்சிருக்கா, அது அவ பாடு." சிரிக்கப் பார்த்தார். "கேளு. நவம்பர்ல ஆட்டம் ஆரம்பிக்கிறப்ப எனக்கு எடம் வச்சிருப்பல்ல? வேற எவனையும் என் வண்டில ஏத்திடாத."

மெர்வின் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிப்ரவரி வரை ஓரெஸ்ட் ஊரைவிட்டு நகர முடியாது. அதற்குள் டாக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள், ஒருநாள்கூட வெளியே போக முடியாது. பிப்ரவரிக்குப் பிறகு மருந்து. அதற்குப் பிறகு என்ன என்று யாருக்குத் தெரியும்? இந்தக் குளிருக்கு ஓரெஸ்ட் மேசாவுக்கு வரப்போவதில்லை. அது வெர்னாவுக்குத் தெரியும், மெர்வினுக்குத் தெரியும். இனிமேல் இந்த மனுஷரிடம் ஒரு சொல் பொய் சொல்வதில்லை என்று ஒரு மாதமாகத் தனக்குத்தானே சபதம் போட்டுக்கொண்டிருந்தவர் மெர்வின்.

"நீ வரமுடியாது ஓரெஸ்ட்" என்றார். "பிப்ரவரி வரைக்கும் நீ அங்கதான் இருக்கணும். இந்த வருஷம் கெடையாது."

எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாதா மெர்வ்?" என்றார் ஓரெஸ்ட் அந்தச் சின்னக் குரலில். "விட்டுக் குடுக்கக் கூடாததையெல்லாம் விட்டுக் குடுத்தியே. இந்த ஒண்ணையும் குடுத்திருக்கலாம்."

மெர்வின் சரி, வைத்திருக்கிறேன், உன் இடம் உன்னுடையதுதான் என்று அவசர அவசரமாகச் சொன்னார். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. போனை மறுபடி வாங்கியிருந்த வெர்னா, "அவன் எந்திரிச்சுப் போயிட்டான் மெர்வ்" என்றாள்.